அவையும் ஏடும்: பாராளுமன்றக் குழுப் பதிவுகள் பற்றிய ஒரு நோக்கு

வள்ளுவப் பெருந்தகை அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவையிற் பேசுவோனுக்கு வேண்டிய இலக்கணம் அவற்றுள் அமைந்து கிடக்கின்றது. ஆயின், அவை கலைந்தபின் அங்குப் பேசப்பட்டதை ஏட்டிற் கண்டு மதிப்பிட வேண்டியவனுக்கு உரிய இலக்கணம் தமிழில் இன்னும் செவ்வனே வகுக்கப்படவில்லை. முற்காலத்து ஊரவை கண்முன்னே கூடியது. அதன் முடிபால் ஆளப்பட்டவனும் அவ்வூரவனே. இக்காலத்து அவையோ ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையிற் கூடுகின்றது. அதன் முடிபால் ஆளப்படுபவன் பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் வாழ்கின்றான். இவ்விரு இடங்களுக்கும் இடையே உள்ள தொடர்பு பெரும்பாலும் ஏட்டின் வழியதே. அவ்வேட்டினுள்ளும் பாராளுமன்றக் குழுக்களின் பதிவுகளே மிகக் குறைவாகக் கற்கப்படுவன. அவை எத்தகையன, அவற்றைத் தேடுவதும் படிப்பதும் எங்ஙனம், அவற்றின் குறைநிறைகள் யாவை என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

குழு அமைத்துக் கருமம் ஆற்றும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்ட ஊரிலிருந்து குடவோலை முறையால் வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்தவாற்றைக் கூறுகின்றன. சம்வற்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்பது அங்குக் கண்ட கணக்கு. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் பின்னர்த் தெரிவுக்குரியர் ஆகார் என்ற விதி இன்றும் வியக்கத்தக்கது. எனினும், அக்கல்வெட்டுக்கள் முடிபைத் தருகின்றனவேயன்றி முடிபு பிறந்த வழியைத் தரவில்லை. முதற் கல்வெட்டில் அமைந்த விதிகள் இரண்டாண்டு கழியுமுன் ஏன் திருத்தப்பட்டன, எவர் எதனை எடுத்துரைத்தார், எவர் மறுத்தார் என்பன கல்லில் ஏறவில்லை. ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னரும் குழுப் பதிவுகளைக் கற்போன் எதிர்ப்படும் முதலாவது இடர்ப்பாடு இதுவே: முடிபு கிடைக்கின்றது, வழி கிடைப்பதில்லை.

ஆகவே, குழுப் பதிவு என்னும் பொதுப் பெயரால் வழங்குவன மூன்று வேறு ஏடுகள் என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். ஒன்று கூட்டக் குறிப்பு. இன்ன நாளில் இன்னார் வந்தனர், இன்ன தீர்மானம் நிறைவேறிற்று என்பதே அதன் அளவு. மற்றொன்று சாட்சியப் பதிவு. வினவியவர் வினாவும் விடையிறுத்தவர் விடையும் சொல்லுக்குச் சொல் அதன்கண் இடம்பெறும். மூன்றாவது அறிக்கை; பேச்செல்லாம் அடங்கியபின் குழுவின் பெயரால் எழுதப்பட்டுச் சபையிற் சமர்ப்பிக்கப்படுவது. அறிக்கையின் நடை ஒருவர் நடையன்று; பலர் இணங்கிய நடை. இணங்கிய இடங்களில் அது விரிந்து செல்லும். இணங்காத இடங்களிற் சுருங்கிப்போம். அறிக்கையிற் பொதுவும் மழுப்பலுமான ஒரு வாக்கியத்தைக் கண்டால், அவ்விடத்தே பூசல் நிகழ்ந்திருத்தல் கூடும் எனக் கருதிச் சாட்சியப் பதிவைப் புரட்டுதல் கற்போன் கடன். அறிக்கை ஒன்றையே படித்துக் குழுவை அறிந்துவிட்டதாக எண்ணுதல், பொழிப்புரையை மட்டும் படித்து நூலை அறிந்துவிட்டதாக எண்ணுதலை ஒக்கும்.

இலங்கையின் அரசியல் வரலாற்றில் குழுக்கள் பேராற்றல் பெற்றிருந்த காலம் டொனமூர் அரசியற்றிட்டம் நிலவிய 1931 முதல் 1947 வரையுள்ள காலம். தெரிவு செய்யப்பட்டோர் 50 பேர், நியமனம் பெற்றோர் 8 பேர், அரச அதிகாரிகள் 3 பேர் ஆகிய 61 பேரைக் கொண்ட அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து கருமம் ஆற்றியது. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிந்தெடுக்கும், அத்தலைவரே அமைச்சராவர். கல்வியும் காணியும் சுகாதாரமும் இக்குழுக்களிலேயே உருப்பெற்றன. ஆயினும், சபையின் விவாதங்கள் ஹன்சாட்டில் அச்சேறிப் பரவியதுபோலக் குழுக்களுள் நிகழ்ந்த உரையாடல்கள் மக்கள் கையிற் பரவவில்லை. ஆட்சியின் சமையலறை மூடியிருந்தது. பந்தி மட்டும் திறந்திருந்தது.

அச்சமையலறையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை யாதாயிருந்தது? 1931ஆம் ஆண்டுத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் தூண்டுதலாற் குடாநாடு பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளும் 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல் வரை வெறுமையாய்க் கிடந்தன. பூரண சுயராச்சியமே வேண்டும் என்ற அவ்விலட்சியத்தின் உயர்வு வேறொரு கட்டுரைக்குரிய பொருள். ஏட்டின் நோக்கிற் பார்ப்பின், புதிய ஆட்சிமுறை தன் வழக்கங்களை வகுத்துக்கொண்ட முதல் மூன்றாண்டுப் பதிவுகளில் அந்நான்கு தொகுதிகளின் குரல் இல்லை. பதிவைக் கற்போன் இருப்பவற்றை மட்டுமன்றி இல்லாதவற்றையும் படிக்கவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் கூர்மையானது. 1931ஆம் ஆண்டின் ஏழு அமைச்சர்களுள் பெரி சுந்தரமும் மாக்கான் மாக்காரும் இருந்தனர். 1936இல் எழுவரும் சிங்களவராயினர். இம்மாற்றத்தைச் சட்டம் எதுவும் ஏற்படுத்தவில்லை. உறுப்பினர் குழுக்களிடையே பங்கிடப்பட்ட முறையே ஏற்படுத்திற்று. ஒவ்வொரு குழுவிலும் வேண்டிய பெரும்பான்மை அமையுமாறு எண்ணிக்கையை வகுத்துக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கமே எனப் பரவலாகக் கூறப்படுவதும் உண்டு. அது எவ்வாறாயினும், ஹன்சாட்டில் நீண்ட உரைகளை மட்டும் தேடுவோனுக்கு இந்நிகழ்ச்சி புலப்படாது. இன்ன குழுவில் இன்னார் என்னும் பெயர்ப் பட்டியலைப் பொறுமையோடு ஒப்புநோக்குவோனுக்கே புலப்படும். குழுப் பதிவுகளிற் பெயர்ப் பட்டியலைப் போலச் சுவையற்றது பிறிதில்லை. அதனைப் போலப் பயனுடையதும் பிறிதில்லை.

குழு அறிக்கையைச் சபை விவாதத்தோடு இணைத்துப் படிக்கவேண்டிய இன்றியமையாமையை மொழி வரலாறு காட்டும். ஆங்கிலத்துக்குப் பதிலாகச் சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டும் என்னும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தன 1943இல் அரசாங்க சபையிற் கொணர்ந்தார். 1944 மே மாதத்தில் அது விவாதத்துக்கு வந்தபோது, தமிழையும் சேர்க்கவேண்டும் எனக் கிழக்கு மாகாண உறுப்பினர் வி. நல்லையா திருத்தம் கொணர்ந்தார். திருத்தம் ஏற்கப்பட்டது. அந்நாளில் உள்ளூராட்சி அமைச்சராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் இருமொழிகளையும் ஆதரித்தே பேசினார். இத்தீர்மானத்தை நிறைவேற்றும் வழிகளை ஆராய 1945இல் ஜயவர்த்தனவின் தலைமையில் ஒரு தெரிகுழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை செஷனல் பேப்பர் எனப்படும் அமர்வுக்காலப் பத்திர வரிசையில் 1946ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கமாக வெளிவந்தது. அதன் தலைப்பே சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள் என்பதைக் கூறும்.

இவ்வறிக்கையை மட்டும் எடுத்துப் படிப்பவன், மொழிப் பிரச்சினை 1946இலேயே தீர்ந்துவிட்டது என்று நம்புவான். இருமொழி என்பது அங்கு விவாதப் பொருளாக இல்லை. ஒப்புக்கொள்ளப்பட்ட அடிப்படையாக அமைந்துள்ளது. ஆனால் 1944ஆம் ஆண்டு விவாதத்தை அதனோடு சேர்த்து வைத்துப் படிப்பவன் வேறொன்றைக் காண்பான். அறிக்கையில் உறுதியாய் நிற்கும் ‘தமிழும்’ என்ற சொல், மூலப் பிரேரணையில் இருந்த சொல்லன்று. திருத்தமாகப் புகுந்த சொல். திருத்தத்தாற் சேர்ந்தது மற்றொரு பெரும்பான்மையால் நீக்கப்படவும் கூடும். பத்தாண்டு கழித்து, 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தால் நிகழ்ந்தது அதுவே. அச்சட்டத்தைக் கொணர்ந்த அரசாங்கத்தின் பிரதமர், 1944இல் இருமொழிகளையும் ஆதரித்த அதே பண்டாரநாயக்க ஆவர். அவர்தம் மனமாற்றத்தைப் பழிப்பதோடு அமைந்துவிடுதல் அரசியல் மேடைக்குப் போதும், கல்விக்குப் போதாது. அறிக்கை அளித்த பாதுகாப்பு எத்துணை மெல்லியது என்பதை 1946இலேயே உணர்த்தக்கூடிய ஏடு அச்சில் இருந்தது என்பதே கற்போன் கொள்ளத்தக்க பாடம்.

இனி, இவ்வேடுகளைத் தேடும் முறைபற்றிச் சில கூறுதல் வேண்டும். ஹன்சாட்டிற் பக்கத்தைக் குறிப்பதினும் நிரலைக் குறித்தலே மரபு. ஆகலின், மேற்கோள் ஒன்றைச் சரிபார்க்கப் புகுவோன் தொகுதி, நாள், நிரல் மூன்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். முற்காலத்து அரசாங்க சபைக் குழு அறிக்கைகளை அமர்வுக்காலப் பத்திரங்களில் தேடவேண்டும். இக்காலத்துப் பாராளுமன்றக் குழு அறிக்கைகள் பாராளுமன்ற வெளியீட்டுத் தொடர் என்னும் தனி வரிசையில், எத்தனையாவது பாராளுமன்றம், எத்தனையாவது கூட்டத்தொடர் என்ற குறிப்போடு வருவன. ஒன்றைத் தேடவேண்டிய இடத்தில் மற்றொன்றைத் தேடுவோன் வெறுங்கையோடு திரும்புவான். பொருளின் பெயரைக்கொண்டு தேடுவதினும், குழு நியமிக்கப்பட்ட நாளையும் அறிக்கை சமர்ப்பிக்கப்பட்ட நாளையும் முதலில் அறிந்து, அந்நாள்களின் ஹன்சாட்டிலிருந்து தொடங்குதல் நன்று. நாள் பொய்ப்பதில்லை; தலைப்பு மாறுவதுண்டு.

பிறிதொன்று: குழுவின் ஆயுள் பாராளுமன்றத்தின் ஆயுளை ஒட்டியது. பாராளுமன்றம் கலைக்கப்படின் குழுவும் கலையும். சமர்ப்பிக்கப்படாத அறிக்கை அறிக்கையாகாது. கூட்டத்தொடர் முடிவுறுத்தப்படும்போதும் குழுக்கள் ஓய்ந்துபோதல் உண்டு. 2021 டிசெம்பரில் அவ்வாறு நிகழ்ந்தமையாற் குழுக்கள் மீண்டும் நியமிக்கப்பட வேண்டியவாயின. 2015 பெப்ரவரியில் நிகழ்ந்த மத்திய வங்கிப் பிணைமுறி விநியோகத்தை விசாரித்த குழுவுக்கு நேர்ந்ததும் கருதத்தக்கது. டியூ குணசேகர தலைமை வகித்த கோப் குழு அதனை ஆராயத் தொடங்கிற்று. அதன் அறிக்கை சபையை அடையுமுன், 2015 ஜூன் 26ஆம் நாள் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஆண்டு அட்டவணையை மட்டும் நோக்குவோன் அவ்விசாரணையே நடைபெறவில்லை என எண்ணக்கூடும்.

கோப் எனச் சுருக்கி வழங்கும் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு 1979இல் தோன்றியது. கோபா எனப்படும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு 1921ஆம் ஆண்டு முதலே உள்ளது. புதிய பாராளுமன்றத்தில் சுனில் ஹந்துன்நெத்தி தலைமையிலமைந்த கோப் குழு பிணைமுறி விசாரணையை மீண்டும் மேற்கொண்டு, 2016 ஒக்டோபரில் அறிக்கையைச் சமர்ப்பித்தது. அவ்வறிக்கையின் சிறப்பு அதன் அடிக்குறிப்புக்களில் உள்ளது. ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர் சிலர், வாசகங்கள் சிலவற்றோடு தாம் முற்றும் இணங்காமையை அடிக்குறிப்புக்களாகச் சேர்ப்பித்தனர். அதன்பின் அடிக்குறிப்பு என்னும் சொல் நாட்டிலே ஒரு வசைச்சொல்லாகவே வழங்கலாயிற்று. அரசியல் நோக்கில் அவ்வசை பொருந்துமா என்பது வேறு. நூற்கல்வியின் நோக்கில் அடிக்குறிப்பு வசைக்குரியதன்று. குழுவினுள் எங்கே பிளவு விழுந்தது என்பதை வெளிப்படக் காட்டிய வகையில், அடிக்குறிப்பில்லாத ஒருமித்த அறிக்கையினும் அவ்வறிக்கை கற்போனுக்கு மிக்க உண்மையை அளித்தது. இணக்கமின்மையை அடியில் எழுதுதல், அதனை மேலெழுந்த மழுப்பல் மொழியால் மறைத்தலினும் நேரியது.

இணக்கமின்மையே பொருளாக அமைந்த மற்றொரு குழுவும் உண்டு. இனப் பிரச்சினைக்குத் தீர்வு காணுமாறு 1991இல் மங்கள முனசிங்க தலைமையில் 45 உறுப்பினரைக் கொண்ட தெரிகுழு நியமிக்கப்பட்டது. வடக்கும் கிழக்கும் தனித்தனி அலகுகளாதல் வேண்டும் என்பது 1993இல் முடிவுற்ற அக்குழுவின் பெரும்பான்மைக் கருத்தாயிற்று. தமிழ்க் கட்சிகள் அதனை ஏற்கவில்லை. எவர்தம் பிரச்சினையைத் தீர்க்கக் குழு கூடிற்றோ, அவர்தம் இணக்கம் முடிபிற் சேரவில்லை. குடாநாடு அப்போது போரினுள் அகப்பட்டிருந்தமையின், அந்நடவடிக்கைகளை இங்குள்ளோர் உடனுக்குடன் கற்றல் அரிதாயிருந்தது. ஆயின் போர் 2009இல் முடிவுற்றுப் பல ஆண்டுகள் சென்றபின்னரும் அவ்வறிக்கை பேச்சுக்களில் எடுத்தாளப்படும் அளவுக்குப் படிக்கப்படுவதில்லை. பெரும்பான்மை என்ற சொல்லை ஓர் அறிக்கையிற் காணுந்தோறும், எவருள் பெரும்பான்மை என்ற வினாவை எழுப்பிக்கொள்ளல் வேண்டும்.

இத்துணையும் கூறியவற்றால், சாட்சியம் வெளிப்படாத இடத்தில் அறிக்கையை அளந்தறியக் கோல் இல்லை என்பது தெளிவு. 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற அதிகாரங்கள், சிறப்புரிமைகள் பற்றிய சட்டம், குழு நடவடிக்கைகளைச் சபைக்கு அறிக்கையிடுமுன் வெளியிடுதலைச் சிறப்புரிமை மீறலாக வைத்தது. இந்தியாவிலும் மக்களவைக் குழுக்கள் மூடிய அறையிலேயே கூடுகின்றன. பிரித்தானியத் தெரிகுழுக்களோ பெரும்பாலும் வெளிப்படையாகச் சாட்சியம் கேட்டு, ஒவ்வொரு வினாவுக்கும் எண்ணிட்டு வெளியிடுகின்றன. எண்ணிட்ட வினாவை எவரும் எளிதிற் சுட்டலாம். இலங்கையில் 2019ஆம் ஆண்டு ஒரு திருப்பமாயிற்று. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை விசாரிக்கப் பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையில் அமைந்த தெரிகுழு சாட்சியங்களை ஊடகங்கள்முன் கேட்டது. அவ்வாண்டிலேயே கோப் குழுவின் கூட்டங்களும் ஊடகங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. தெரிகுழுவின் அறிக்கை ஒக்டோபரில் வந்தபோது, சாட்சியத்தைத் தாமே கேட்டிருந்த மக்கள் அதனோடு அறிக்கையை ஒப்பிட முடிந்தது.

இத்திறப்பு நன்றே. எனினும் அதனோடு புதியதொரு தீங்கும் புகுந்தது. மூன்று மணிநேரம் நிகழ்ந்த விசாரணையில் அரை நிமிடம் வெட்டியெடுக்கப்பட்டுத் திரையிற் சுழல்கின்றது. அதிகாரி ஒருவர் தடுமாறும் காட்சியைக் கண்டு நகைப்போர் பலர். அவர் அதற்கு முன்னும் பின்னும் கூறிய விடையைத் தேடுவோர் சிலர். முன்னர் வழியறியாது முடிபை மட்டும் கண்டோம். இன்று முடிபறியாது வழியில் ஒரு துண்டை மட்டும் காண்கின்றோம். இரண்டும் அறிவின்மையே. கணக்காய்வாளர் தலைமையதிபதியின் அறிக்கையை முன்வைத்தே இக்குழுக்கள் வினவுகின்றன. எனவே, கணக்காய்வு அறிக்கை, சாட்சியம், குழுவின் பரிந்துரை, அதன்பின் திணைக்களம் செய்தது அல்லது செய்யாது விட்டது என்னும் நான்கையும் வரிசையாகப் பற்றிச் செல்வதே நேரிய வாசிப்பாகும்.

இதன்கண் தமிழ் வாசகனுக்குத் தனியே உள்ள இடர்ப்பாட்டையும் மறைத்தல் ஆகாது. ஹன்சாட் பேச்சை அது பேசப்பட்ட மொழியிலேயே அச்சிடுவது. 1944ஆம் ஆண்டு விவாதம் ஆங்கிலத்தில் நிகழ்ந்தமையின் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தான் அதனை முழுதும் படிக்க இயன்றது. இன்று பெரும்பாலான பேச்சுக்களும் சாட்சியங்களும் சிங்களத்தில் உள்ளன. அறிக்கை மும்மொழியிலும் வரலாம். அறிக்கையை அளக்கும் கோலாகிய சாட்சியம் தமிழில் வருதல் அரிது. 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், முடிபைத் தமிழிற் கொடுத்து வழியைத் தமிழிற் கொடாதிருப்பது அரைகுறை உரிமையே. இதற்குப் பரிகாரம் இருபாற்பட்டது: சாட்சியங்களைத் தமிழிலும் வெளியிடுமாறு கேட்டல் ஒன்று, சிங்களத்தைக் கற்று மூலத்தையே படித்தல் மற்றொன்று. முன்னையது உரிமை, பின்னையது கல்வி. உரிமை கிட்டும்வரை கல்வியை ஒத்திவைப்பது மேலும் ஒரு பகிஷ்காரமாகவே முடியும்; 1931இல் விட்ட இடம் வெறுமையாகக் கிடந்ததைப்போல இதுவும் கிடக்கும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பாராளுமன்றச் சிறப்புரிமையை மீறக்கூடிய தகவலை அது விலக்கியுள்ளதாயினும், குழுவின் பரிந்துரைப்படி திணைக்களம் யாது செய்தது என்பதை அத்திணைக்களத்திடமே எழுதிக் கேட்க அச்சட்டம் இடந்தருகின்றது. ஹன்சாட்டும் அண்மைக் குழு அறிக்கைகளும் பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் இன்று கிடைக்கின்றன. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிந்ததைக் கண்ட ஊருக்கு, ஓரிடத்தில் மட்டும் இருக்கும் ஏட்டின் நிலையாமை சொல்லித் தெரியவேண்டியதன்று. கிடைப்பனவற்றைப் பாடசாலை நூலகங்கள் படியெடுத்து வைத்தலும், குடியியல் கற்கும் உயர்வகுப்பு மாணவர் ஆளுக்கோர் அறிக்கையை எடுத்து அதனைச் சாட்சியத்தோடும் பெயர்ப் பட்டியலோடும் ஒப்புநோக்கி எழுதுதலும் பெரும்பொருட் செலவின்றியே ஆகக்கூடியன. தம் ஊரின் வீதியையோ வைத்தியசாலையையோ பற்றிய ஒரு பந்தியைத் தேடிக் கண்டு, அது மெய்யா என்று நேரிற் சென்று பார்த்து வரும் மாணவன், அவையில் அமராமலே அவையை அறியத் தொடங்கியவன் ஆவான்.